கல்லச்சுப் பட்டறையிலிருந்து பிரஷ்ய முதல்வர் நாற்காலிக்கு: ஓட்டோ பிரவுன் நிலைத்ததும் விழுந்ததும்

ஓட்டோ பிரவுனைப் பற்றிய கேள்வியில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்த ஓர் அச்சுத் தொழிலாளி, ஜெர்மனியின் ஐந்தில் மூன்று பங்கான பிரஷ்யாவை 1920 முதல் 1932 வரை, இடையில் இரண்டு சிறு இடைவெளிகள் தவிர, எப்படி ஆண்டார் என்பது முதல் பாதி. அப்படி ஆண்டவர் 1932 ஜூலை 20 அன்று ஒரே காலையில் பதவி பறிபோனபோது ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தனக்கு எதிராக எழுதப்பட்ட விதிகளுக்குள்ளேயே நின்று, அவற்றை வரி வரியாகப் படித்து, தன் பக்கம் வளைக்கும் வித்தையை ஓட்டோ பிரவுன் முப்பது வருடம் பழகியவர். விதியை எழுதியவர்களே அதை உடைத்தபோது அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது.

பிரவுன் 1872 ஜனவரி 28 அன்று கிழக்குப் பிரஷ்யத் தலைநகரான கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி, பிறகு ரயில்வேயில் கீழ்நிலை ஊழியர். பள்ளி முடிந்ததும் பையன் கல்லச்சுத் தொழில் பழகப் போனான்.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் பிரவுன் காலத்துத் தொழிலாளர் தலைவர்களில் அச்சுக்காரர்கள் இத்தனை பேர் ஏன் என்பது அதில் புரியும். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் கிடைக்கும் நுண்மையான சுண்ணாம்புக்கல்தான் அச்சுப் பலகை. அறுபதுக்கு எண்பது சென்டிமீட்டர், எட்டு சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு கல் ஏறக்குறைய நூறு கிலோ எடை. முந்தைய படத்தை அழிக்க இரண்டு கற்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் மணலும் தண்ணீரும் விட்டு, மேல் கல்லை எட்டு வடிவில் சுழற்றித் தேய்ப்பார்கள். ஒரு பக்கம் பள்ளமாகத் தேய்ந்தால் அச்சகத்தின் அழுத்தத்தில் கல் பிளந்துவிடும். தேய்த்த கல்லில் கொழுப்பு கலந்த மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள், அல்லது பிரதித் தாளிலிருந்து இறக்குவார்கள். அதன்மேல் வேலம்பிசின் கரைசலில் சில துளி நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பூசுவார்கள். அமிலம் கூடினால் மெல்லிய கோடுகள் கரைந்து போகும். குறைந்தால் வெற்றிடமும் மை பிடித்து, நூறு தாள் ஓடுவதற்குள் எழுத்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். அச்சடிக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் கல்லை நனைத்து, பிறகு மை உருளையை ஓட்ட வேண்டும். ஈரம் காய்ந்தால் தாள் முழுக்க அழுக்குத் திட்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், எல்லாக் கல்லின் பதிவும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழ வேண்டும்.

இதற்குப் பொறுமை வேண்டும், எழுத்தறிவும் வேண்டும். கூலியும் சாதாரணத் தொழிலாளியைவிட மேல். அதோடு, தடை செய்யப்பட்ட துண்டறிக்கையை இரவில் யார் அச்சடித்துத் தருவார் என்று தேடும் இயக்கத்துக்கு அச்சகத்துக்குள் ஆள் இருப்பது தங்கம். பிரவுன் பதினாறு, பதினேழு வயதில் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தபோது சான்சலர் பிஸ்மார்க் 1878இல் கொண்டுவந்த சோஷலிச எதிர்ப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருந்தது. கட்சி அமைப்பு, கூட்டம், பத்திரிகை எல்லாம் தடை. ஆனால் நாடாளுமன்றத்துக்குத் தனிநபராக நின்று ஜெயிப்பதற்கு மட்டும் தடை இல்லை. சட்டத்தில் எந்த இடம் திறந்திருக்கிறது என்று பார்த்து அதன் வழியே நுழைவது அந்தத் தலைமுறையின் முதல் பாடம். சட்டம் 1890இல் காலாவதியானது. அதன்பின் கோனிக்ஸ்பெர்க் கட்சிப் பத்திரிகையில் அச்சடிப்பவர், ஆசிரியர், நிர்வாகி என்று பிரவுன் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தார். அக்காலக் கட்சிப் பத்திரிகைகளில் அவதூறு வழக்கு வந்தால் சிறைக்குப் போவதற்கென்றே ஒருவர் பெயரைப் பொறுப்பாசிரியராகப் போடுவது வழக்கம். உண்மையான ஆசிரியர் வெளியே இருந்தால்தானே அடுத்த இதழ் வரும்.

இனி முக்கியமான இடம். உயர்கல்வி இல்லாத தொழிலாளிக்கு நிர்வாகம் எங்கே சொல்லிக் கொடுத்தார்கள்? மேடையில் என்று பலரும் நினைப்பார்கள். உண்மையான பள்ளிக்கூடம் நோய்க் காப்பு நிதி. பிஸ்மார்க்கின் 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்ட வேண்டும். நிர்வாகக் குழுவிலும் இடங்கள் அதே விகிதம். தொழிலாளர்களைச் சோஷலிஸ்டுகளிடமிருந்து பிரிக்கக் கொண்டுவந்த சட்டம், மூன்றில் இரண்டு பங்கு இடங்களைத் தொழிலாளர் கையில் கொடுத்துவிட்டது. நோயுற்றவருக்கு மூன்றாம் நாளிலிருந்து பாதிக் கூலி, அதிகபட்சம் 13 வாரம், 1903க்குப் பிறகு 26 வாரம். மருத்துவரோடு கட்டண ஒப்பந்தம், மருந்துக்கடைப் பில், பொய் விடுப்புக்காரரைக் கண்டுபிடிப்பது, கையிருப்பு நிதி வைப்பது, மேலிருந்து வரும் தணிக்கை என்று இந்த நிதிகளை நடத்தியவர்களுக்கு ஒரு சிறு அரசாங்கத்தையே நடத்திய பழக்கம் வந்தது. கோனிக்ஸ்பெர்க்கில் பிரவுன் இந்தப் பொறுப்பில் இருந்தவர். பின்னாளில் அமைச்சரவைக் கூட்டத்தில் கோப்பை முழுக்கப் படித்துவிட்டு வந்து, சுருக்கமாகப் பேசி, முடிவை எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே வந்தது. அவர் பெரிய பேச்சாளர் அல்லர்.

1902இல் நகரமன்ற உறுப்பினரானார். இதுவும் சுலபமாக நடக்கவில்லை. பிரஷ்யாவின் 1853ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் ஒவ்வொரு வாக்காளர் வகுப்பும் தேர்ந்தெடுக்கும் உறுப்பினரில் பாதிப் பேர் வீட்டுச் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும் என்றது. வாடகை அறையில் குடியிருக்கும் தொழிலாளர் கட்சி, சொந்த வீடு உள்ள அனுதாபிகளைத் தேடித் தேடி வேட்பாளராக்க வேண்டியிருந்தது.

மாநிலச் சட்டமன்றத் தேர்தல் இன்னும் மோசம். அதுதான் 1849இல் வந்த மூன்று வகுப்பு வாக்குரிமை. ஓர் ஊரில் வரி கட்டுவோரை அதிகம் கட்டுபவரிலிருந்து வரிசையாக எழுதி, மொத்த வரியை மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் மூன்றில் ஒரு பங்கைக் கட்டுபவர்கள் முதல் வகுப்பு. 1908இல் முதல் வகுப்பில் 4 சதவீதம், இரண்டாவதில் 14, மூன்றாவதில் 82 சதவீத வாக்காளர்கள். மூன்று வகுப்புக்கும் சம எண்ணிக்கையில் வாக்காளர் பிரதிநிதிகள், அவர்கள்தான் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதுமட்டுமல்ல, வாக்கு வாய்மொழியாக, எல்லோர் முன்னிலையிலும். பண்ணை மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது பண்ணையாள் யார் பெயரைச் சொல்வான்? 1913இல் சமூக ஜனநாயகக் கட்சி 28 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி 443 இடங்களில் 10 பெற்றது. ஏறக்குறைய 15 சதவீதம் வாங்கிய கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 140க்கும் மேல். அந்தப் பத்தில் ஒருவர் பிரவுன்.

அவர் பெயரை நாடு முழுக்கத் தெரியவைத்தது தேர்தல் அல்ல, ஒரு வழக்கு. ரஷ்ய எல்லை பக்கத்திலேயே இருந்ததால், ஜார் ஆட்சிக்கு எதிரான வெளியீடுகள் கோனிக்ஸ்பெர்க், மெமல் வழியாகக் கள்ளத்தனமாக உள்ளே போயின. 1904 ஜூலையில் ஒன்பது பேர் மீது ரகசியச் சங்கம், ஜார் மன்னரை அவமதித்தல், ரஷ்யாவுக்கு எதிரான ராஜதுரோகம் என்று வழக்கு நடந்தது. வெளிநாட்டு அரசுக்கு எதிரான குற்றத்தை ஜெர்மனியில் தண்டிக்க வேண்டுமென்றால், அந்த நாடும் ஜெர்மனிக்கு அதே பாதுகாப்பைத் தருகிறது என்று நிரூபிக்க வேண்டும். கார்ல் லீப்க்னெக்ட்டும் ஹூகோ ஹாஸேயும் அடங்கிய வழக்கறிஞர் அணி அந்த இடத்தில்தான் பிடித்தது. ரஷ்யச் சட்டத்தில் அப்படி உத்தரவாதம் இருப்பதாக நிரூபிக்க முடியவில்லை, முக்கியக் குற்றச்சாட்டுகள் விழுந்தன. சிலருக்கு ரகசியச் சங்கத்துக்காகச் சிறு தண்டனை கிடைத்தது. ஐந்து மாதம் விசாரணைக் காவலில் இருந்த பிரவுன் விடுதலை ஆனார். நீதிமன்றத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1932இல் அது மறுபடி வரும்.

கிழக்குப் பிரஷ்யாவில் கட்சி வளர வேண்டுமென்றால் பண்ணைத் தொழிலாளியிடம் போயாக வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு 1869 முதல் சங்கம் வைக்கும் உரிமை இருந்தது. பண்ணையாளுக்கு இல்லை. 1810ஆம் ஆண்டு வேலையாள் ஒழுங்குவிதி அவரைக் கட்டியிருந்தது, 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாக வேலையை நிறுத்தினால் சிறை. கூலியில் பெரும்பகுதி தானியம், விறகு, உருளைக்கிழங்குக்கான துண்டு நிலம், ஒரு குடிசை என்று பொருளாகவே வந்தது. குடிசை வேண்டுமென்றால் தன்னோடு இன்னோர் ஆளையும் பண்ணை வேலைக்குக் கொண்டுவர வேண்டும். சொந்தப் பிள்ளை இல்லாதவர் ஆள் பிடித்து, தன் கையிலிருந்து சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும். வேலை போனால் வீடும் போய்விடும் என்பதால் சங்கத்தின் பெயரைச் சொல்லவே பயம். கூட்டம் போடப் போனால் ஊர்ச் சத்திரக்காரர் மண்டபம் தரமாட்டார், தந்தால் பண்ணையார் அவர் வியாபாரத்தை முடித்துவிடுவார். 1909இல் பண்ணைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதற்குப் பின்னால் நின்றவர்களில் பிரவுன் முக்கியமானவர். சங்கம் போருக்கு முன் பெரிதாக வளரவில்லை. ஆனால் நிலப்பிரபுக்களின் ஆட்சி எந்த ஆணியில் தொங்குகிறது என்று கட்சித் தலைமையில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்ற நிலை வந்தது. அவர்களும் அவரை அந்த அளவுக்கே வெறுத்தார்கள்.

1911இல் கட்சியின் மத்தியச் செயற்குழுவுக்கு வந்து பொருளாளரானார், பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். பத்து லட்சத்தை நெருங்கிய உறுப்பினர்களின் சந்தா முத்திரைப் பணம் அவர் கையில். 1914 ஜூலை கடைசியில் போர் வந்தால் கட்சியைத் தடை செய்வார்கள் என்று பயந்து, கட்சித் தலைவர்களில் ஒருவரான ஃப்ரீட்ரிக் ஏபர்ட்டையும் பிரவுனையும் கட்சிப் பணத்தோடு சூரிச்சுக்கு அனுப்பினார்கள். சேணம் தைத்தவரும் கல்லச்சடித்தவரும் கட்சிக் கஜானாவோடு எல்லை தாண்டியிருந்த அந்த நாட்களில்தான், ஆகஸ்ட் 4 அன்று, அவர்கள் கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. பிரவுனும் அந்த முடிவோடு நின்றவர்தான். அவருடைய ஒரே மகன் 1915இல் போருக்குத் தொண்டராகப் போய் டிஃப்தீரியாவில் இறந்தான்.

மன்னராட்சியை வீழ்த்திய 1918 நவம்பர் புரட்சியில் பிரஷ்யாவின் வேளாண் அமைச்சரானார். புரட்சி அரசு முதல் நாட்களிலேயே மூன்று வகுப்பு வாக்குரிமையையும் வேலையாள் ஒழுங்குவிதியையும் தூக்கி எறிந்தது. 1919 ஜனவரியில் வந்த தற்காலிகப் பண்ணைத் தொழில் விதி, வருடத்தில் நான்கு மாதம் சராசரி 8 மணி நேரம், நான்கு மாதம் 10, நான்கு மாதம் 11 என்று வேலை நேரத்துக்கு எல்லை போட்டது. பெரும் பண்ணைகளைப் பிரித்துக் குடியேற்றம் நடத்துவதில் மட்டும் பிரவுன் அதிகம் சாதிக்கவில்லை. பட்டினிக் குளிர்காலத்தில் தானிய விநியோகத்தைக் குலைக்க யாருக்கும் துணிவில்லை, அவருக்கும்தான். இதை அவருடைய பெரிய தோல்வி என்றே சொல்வேன். பண்ணையார்கள் நிலத்தோடு மிஞ்சினார்கள், பதினான்கு வருடம் கழித்து குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் காதில் ஓதியவர்களும் அவர்கள்தான்.

1920 மார்ச்சில் குடியரசைக் கவிழ்க்க வலதுசாரிகள் நடத்திய காப் கலகம் நடந்து, பொது வேலைநிறுத்தத்தில் நான்கே நாளில் சரிந்தது. அதன்பின் மார்ச் 27 அன்று பிரவுன் பிரஷ்ய முதல்வரானார். 1921 ஏப்ரல் முதல் நவம்பர் வரையும் 1925 தொடக்கத்தில் சில வாரங்களும் தவிர, 1932 வரை அவரே.

மத்திய அரசில் அதே காலத்தில் சான்சலர்கள் வருடத்துக்கு ஒருவர் என்று மாறினார்கள். பிரஷ்யாவில் மட்டும் ஏன் அசையவில்லை? பிரவுனின் கண்டிப்பு ஒரு பகுதிதான். 1920 நவம்பர் 30ஆம் தேதியிட்ட பிரஷ்ய அரசியல் சட்டம் அவருக்கு நல்ல கருவிகளைக் கொடுத்தது. பிரஷ்யாவுக்கு மாநிலத் தலைவர் என்று தனியாக யாரும் இல்லை. முதல்வரைச் சட்டமன்றம் விவாதமின்றித் தேர்ந்தெடுக்கும், மற்ற அமைச்சர்களை அவரே நியமிப்பார். வைமார் குடியரசு என்று அழைக்கப்பட்ட அன்றைய ஜெர்மன் குடியரசின் தலைவரைப் போல மேலே உட்கார்ந்து முதல்வரை மாற்ற ஆளில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வெல்ல, வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும். இதன் பலன் 1924 டிசம்பர் தேர்தலுக்குப் பின் தெரிந்தது. சமூக ஜனநாயகக் கட்சி 114, கத்தோலிக்கர்களின் சென்டர் கட்சி 81, ஜனநாயகக் கட்சி 27, ஆக 222. மொத்தம் 450. நான்கு இடம் குறைவு. ஆனால் அவரைக் கவிழ்க்கக் கம்யூனிஸ்டுகளும் முடியாட்சிவாதிகளும் ஒன்றாகக் கை தூக்க வேண்டும். கணக்கு பிசகாமல் மூன்றரை வருடம் சிறுபான்மை அரசாகவே ஓட்டினார்.

இரண்டாவது காரணம் சென்டர் கட்சியோடு இருந்த உறவு. சட்டமன்றத்தில் சமூக ஜனநாயகக் கட்சியின் குழுத் தலைவரான எர்ன்ஸ்ட் ஹைல்மனும் சென்டர் கட்சியின் யோசேஃப் ஹெஸ்ஸும் தினசரிச் சிக்கலைத் தங்களுக்குள் முடித்துவிடுவார்கள். அமைச்சர் மேசைக்கு வரும்போது சண்டை மிஞ்சியிருக்காது. விலையும் கொடுத்தார்கள்: 1929 ஜூனில் வத்திக்கானோடு உடன்படிக்கை கையெழுத்தானது, பள்ளிகளை மட்டும் அதிலிருந்து வெளியே வைத்தார் பிரவுன். அவரே மத நம்பிக்கை இல்லாதவர். தன் கட்சியில் பலருக்கு இது கசப்பு. கூட்டணி நடத்துகிறவருக்கு எது உயிர், எது வெறும் கௌரவம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, ஆள் நியமனம். மாகாண ஆளுநர், மண்டலத் தலைவர், மாவட்ட ஆட்சியர், காவல்துறைத் தலைவர் ஆகியோர் 'அரசியல் அதிகாரிகள்' என்ற வகை. காரணம் சொல்லாமல் தற்காலிக ஓய்வுக்கு அனுப்பலாம், ஓய்வுச் சம்பளம் உண்டு. காப் கலகத்தில் கைகட்டி நின்ற அல்லது கலகக்காரர்களோடு சேர்ந்த கணிசமானோர் இந்த வழியில் வெளியேறினார்கள். உள்துறையில் முதலில் கார்ல் சேவரிங், 1926 முதல் ஆல்பர்ட் க்ரெசின்ஸ்கி, 1930 முதல் மறுபடி சேவரிங். சேவரிங் பூட்டு வேலைக்காரர், க்ரெசின்ஸ்கி உலோகத் தொழிலாளி. சென்டர் கட்சியின் துணை முதல்வர் ஹைன்ரிக் ஹிர்ட்ஸிஃபர்கூட எஸ்ஸனில் க்ருப் ஆலையில் வேலை பார்த்தவர். பட்டம் படித்த உயர் அதிகாரிகள் இவர்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யூகிக்கலாம். ஆனால் இந்த வழியின் எல்லையையும் சொல்ல வேண்டும். மேலே இருப்பவரை மாற்றலாம், நிரந்தரப் பணியில் இருக்கும் நீதிபதியையும் துறைச் செயலக அலுவலரையும் தொட முடியாது. ஆட்சியர் நாற்காலியில் உட்காரத் தகுதியுள்ள சொந்த ஆட்களும் கட்சியிடம் குறைவு, ஏனென்றால் சட்டம் படித்த உறுப்பினர்களே குறைவு. 1927 டிசம்பரில் பண்ணையாரே ஊராட்சித் தலைவராகவும் இருந்த சுமார் 12,000 பண்ணை வட்டங்களைச் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். வெளியே அதிகம் பேசப்படாத இந்த ஒன்றைத்தான் பிரவுன் ஆட்சியின் ஆழமான சீர்திருத்தமாக நான் வைப்பேன்.

அவரை 'பிரஷ்யாவின் சிவப்பு ஜார்' என்று அழைத்தார்கள். 1925இல் குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் நின்று 78 லட்சம் வாக்கு, 29 சதவீதம் வாங்கினார். இரண்டாம் சுற்றில் சென்டர் கட்சியின் வில்ஹெல்ம் மார்க்ஸுக்காக விலகினார், பதிலுக்கு பிரஷ்யாவில் அந்தக் கட்சி அவரை மறுபடி முதல்வராக்கியது. மார்க்ஸ் ஹிண்டன்பர்க்கிடம் தோற்றார். விநோதம் என்னவென்றால், அடுத்த சில வருடங்கள் கிழவர் ஹிண்டன்பர்க்குக்கும் பிரவுனுக்கும் நல்ல ஒத்துப்போக்கு. இருவருக்கும் வேட்டை உயிர். உறவு முறிந்தது 1930இல்: ரைன்லாந்தில் முன்னாள் போர்வீரர் அமைப்பான ஸ்டால்ஹெல்முக்குப் பிரஷ்ய அரசு போட்ட தடையை நீக்காவிட்டால் அங்கிருந்து அந்நியப் படைகள் வெளியேறியதைக் கொண்டாடும் விடுதலை விழாவுக்கு வரமாட்டேன் என்று குடியரசுத் தலைவர் முரண்டு பிடித்தார். பிரவுன் இறங்கி வரவேண்டியதாயிற்று.

இனி கேள்வியின் இரண்டாவது பாதி. ஜூலை 20ஐ மட்டும் பார்த்தால் புரியாது, ஏப்ரல் 24ஐப் பார்க்க வேண்டும். அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் மொத்தம் 423 இடம். நாஜிகள் 162, கம்யூனிஸ்டுகள் 57. இரண்டும் சேர்ந்து 219, அதாவது பாதிக்கு மேல். பிரவுன் கூட்டணி 163. எந்தச் சட்டத்தையும் தடுக்க எதிர்ப்பக்கத்துக்கு ஆள் உண்டு, ஆட்சி அமைக்க யாருக்கும் இல்லை. இதை எதிர்பார்த்துத்தான் தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 12 அன்று, பழைய சட்டமன்றம் தன் நடைமுறை விதியைத் திருத்தியிருந்தது. முன்பு முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், கடைசிச் சுற்றில் அதிக வாக்கு வாங்கியவரே முதல்வர். இனி எல்லாச் சுற்றிலும் அறுதிப் பெரும்பான்மை கட்டாயம். நாஜி முதல்வர் வருவது தடைபட்டது. ஆனால் பிரவுன் மே 24 அன்று ராஜினாமா செய்துவிட்டுக் காபந்து அரசாக நீடிக்க வேண்டிவந்தது, விதியை மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்ற பழி அவர் மேல் விழுந்தது. தந்திரம் சரியாக வேலை செய்தது. அந்த வெற்றியே, ஜூனில் மத்திய அரசின் சான்சலரான ஃபான் பாப்பனின் கையில் காரணமாகப் போய்ச் சேர்ந்தது.

பிரவுன் உடலாலும் சோர்ந்திருந்தார். மனைவி எமிலி சில வருடங்களாகவே முடக்குவாதத்தில் கிடந்தார். ஜூன் 6 அன்று விடுப்பில் போய்ப் பொறுப்பை ஹிர்ட்ஸிஃபரிடம் ஒப்படைத்தார். திரும்பி வரும் எண்ணம் அவருக்கு அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஜூன் நடுவில் பாப்பன் அரசு நாஜிகளின் எஸ்ஏ படைமீதான தடையை நீக்கியது. தெருச் சண்டை பெருகியது. ஜூலை 17 அன்று ஹாம்பர்க்கை ஒட்டிய, அப்போது பிரஷ்ய நகரமான அல்டோனாவில் நாஜி ஊர்வலத்தில் தொடங்கிய மோதலில் 18 பேர் இறந்தார்கள். அதைக் காட்டி, பிரஷ்ய அரசால் ஒழுங்கைக் காக்க முடியவில்லை என்று, நெருக்கடியில் குடியரசுத் தலைவர் ஆணையிட வழிதரும் மத்திய அரசியல் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி ஆணை வந்தது. ஜூலை 20 காலை பத்து மணிக்கு பாப்பன் அமைச்சர்களைக் கூப்பிட்டு, தானே பிரஷ்யாவுக்கு ஆணையர் என்றும் பிரவுனும் சேவரிங்கும் பதவி நீக்கப்பட்டார்கள் என்றும் சொன்னார். பெர்லினிலும் பிரான்டன்பர்க்கிலும் ராணுவ அவசரநிலை. அப்போது பெர்லின் காவல்துறைத் தலைவர் பொறுப்பிலிருந்த க்ரெசின்ஸ்கியையும் அவருடைய துணைவர் வைஸையும் படையோடு வந்து பிடித்துப் போய், எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வீட்டிலிருந்த பிரவுனுக்குக் கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

(இந்திய வாசகருக்கு உடனே 356ஆவது பிரிவு ஞாபகம் வரும். அதற்கு முன்னோடி 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆவது பிரிவு. நம் சட்டம் வைமாரிடமிருந்து எடுத்ததாகச் சொல்லப்படுவது அவசரநிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை.)

ஏன் போராடவில்லை? காப் கலகத்தை வீழ்த்திய பொது வேலைநிறுத்தம் 1920இல் எல்லோருக்கும் வேலை இருந்ததால் நடந்தது. 1932 ஜூலையில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் பதிவு செய்த வேலையற்றோர். ஒருவர் வெளிநடப்புச் செய்தால் அந்த இடத்துக்கு வாசலில் ஆள் நிற்கும். பிரஷ்யச் சீருடைக் காவலர் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அவர்கள் மாநிலம் முழுக்கச் சிதறியிருந்தார்கள், தெருச் சண்டைக்குத் தகுந்த ஆயுதம்தான் அவர்களிடம். எதிரே ஒரு லட்சம் பேர் கொண்ட ராணுவம், அதுவும் குடியரசுத் தலைவர் கையெழுத்தோடு. ஆணை சட்டப்படியானது என்று சொல்லும் அதிகாரிகளுக்கு எதிராக எத்தனை காவலர்கள் சுடுவார்கள்? சட்டப்படி என்று சொல்லவும் முன்னுதாரணம் இருந்தது. 1923 அக்டோபரில் இதே 48ஆவது பிரிவைக் கொண்டுதான் சாக்சனியில் சமூக ஜனநாயகர், கம்யூனிஸ்ட் கூட்டணி அரசைக் கலைத்தார்கள். அப்போது குடியரசுத் தலைவர் ஏபர்ட், பிரவுனின் சொந்தக் கட்சிக்காரர்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் விட்டது பிழை என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தோற்றே போகும் ஓர் எதிர்ப்புகூட, அடுத்த ஜனவரியில் ஹிட்லருக்கு வழி திறந்தவர்களைக் கொஞ்சம் தயங்க வைத்திருக்கலாம். உண்மையான வாய்ப்பு அதற்கு முன்பே கைநழுவியது. 1931 இலையுதிர் காலத்தில் சான்சலர் ப்ரூனிங்கே பிரஷ்ய முதல்வர் பதவியையும் ஏற்கட்டும், தான் விலகுகிறேன் என்று பிரவுன் முன்வந்தார். பிரஷ்யக் காவல்துறையும் மத்திய அரசும் ஒரே கையில் வந்திருக்கும். அது நடக்கவில்லை.

பிரவுன் தனக்குத் தெரிந்த வழியில் போனார்: லைப்ஸிக் அரசு நீதிமன்றத்தில் வழக்கு. 1932 அக்டோபர் 25 அன்று வந்த தீர்ப்பு இரண்டாகப் பிளந்து நின்றது. பிரஷ்ய அரசு தன் கடமையில் தவறவில்லை, ஆகவே மத்திய மேலவையிலும் சட்டமன்றத்திலும் பிரஷ்யாவைப் பிரதிநிதித்துவப்படுத்தும் உரிமை பிரவுன் அமைச்சரவைக்கே. ஆனால் ஒழுங்கைக் காக்க ஆணையர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது செல்லும். நடைமுறையில் இதன் பொருள்: பிரவுனிடம் பட்டம், பாப்பனிடம் காவல்துறையும் கருவூலமும். மூன்று மாதத்தில் அந்தக் காவல்துறை ஹிட்லரின் கூட்டாளி கோரிங்கிடம் போனது.

பட்டத்துக்கும் ஒரு கடைசிப் பயன் இருந்தது. சட்டமன்றத்தைக் கலைக்க முதல்வர், சட்டமன்றத் தலைவர், மாநிலக் கவுன்சில் தலைவர் மூவரும் அடங்கிய குழு பெரும்பான்மையாக முடிவெடுக்கலாம். 1933 பிப்ரவரியில் சட்டமன்றத் தலைவர் நாஜி ஹான்ஸ் கெர்ல், கவுன்சில் தலைவர் கொலோன் மேயர் கொன்ராட் அடனாவர். பிரவுனும் அடனாவரும் மறுத்தார்கள், கலைக்க முடியவில்லை. உடனே பிப்ரவரி 6 அன்று ஹிண்டன்பர்க் இன்னோர் ஆணையில் பிரவுனின் மிச்ச அதிகாரத்தையும் பாப்பனிடம் கொடுத்தார். லைப்ஸிக் தீர்ப்புக்கு நேர் விரோதம். அடனாவர் வாக்களிக்க மறுத்து வெளியேற, மீதி இருவர் கலைத்தார்கள்.

மார்ச் 4 அன்று, தேர்தலுக்கு முந்தின நாள், பிரவுன் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். வாக்குப்பதிவுக்கு முன்பே போனதை அவர் கட்சிக்காரர்கள் பலர் மன்னிக்கவே இல்லை. ஹைல்மன் போக மறுத்துத் தங்கினார், முகாம் முகாமாக மாற்றப்பட்டு 1940இல் பூகன்வால்டில் கொல்லப்பட்டார். அஸ்கோனாவில் பணமுடையோடு வாழ்ந்த பிரவுன் 1934இல் மனைவியை இழந்தார். 1945இல், தான்தான் பிரஷ்யாவின் சட்டபூர்வ முதல்வர், அரசை மறுபடி அமைக்க வேண்டும் என்று நேச நாடுகளிடம் கேட்டார். அவர்கள் பொருட்படுத்தவில்லை. 1947 பிப்ரவரி 25 அன்று நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு 46ஆம் எண் சட்டத்தால் பிரஷ்யா என்ற மாநிலத்தையே கலைத்தது. ஜெர்மன் ராணுவ வெறியின் கோட்டை அது என்று அந்தச் சட்டத்தின் முகவுரை காரணம் சொன்னது. வைமார் காலத்தில் குடியரசின் அரணாக இருந்த பிரஷ்யாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பிரவுன் 1955 டிசம்பர் 15 அன்று லொகார்னோவில் இறந்தார்.